மே 31-இல் ஓய்வு, ஜூனில் திறப்பு: இடையில் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி திறக்கும் வாரத்தில் பாடநூல் வந்ததா, சீருடை வந்ததா என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. லுத்தரன் என்ற கிறிஸ்தவச் சபை நடத்தும் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: தலைமையாசிரியர் நாற்காலியில் யார்?

கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தருகிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு அது நல்லதுதான். ஆனால் அதனாலேயே செப்டம்பரில் ஓய்வு பெற வேண்டியவர், ஜனவரியில் ஓய்வு பெற வேண்டியவர் எல்லாரும் மே 31 அன்றுதான் விடைபெறுகிறார்கள். அதன்பிறகு நிர்வாகம் பள்ளிக் குழுவைக் கூட்டி, பணிமூப்பு பார்த்து, தீர்மானம் போட்டு, மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கருத்துரு (நியமன முன்மொழிவு) அனுப்பி ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. அதுவரை மூத்த ஆசிரியர் ஒருவர் 'பொறுப்பு'. ஓய்வு நாள் திடீரென்று வருவதில்லை. பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிறந்த தேதி இருக்கிறதே!

பொறுப்பு வகிப்பவர் கணித ஆசிரியர் என்று வையுங்கள். 6 முதல் 10 வரை வகுப்புக்கு ஒரு பிரிவு, வாரம் 7 பாடவேளை என்றால் அவர் கையில் 35 பாடவேளை. ஜூன் மாதம் முழுக்க மாற்றுச் சான்றிதழ், சேர்க்கை, கூட்டம், அலுவலகம் என்று ஓடினால் அந்த 35-இல் பாதி போய்விடும். பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் விழும் ஓட்டை மார்ச்சில் தெரியும்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம், அதாவது பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு, நடக்கிறது. 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர், 9, 10-இல் 40 பேருக்கு ஒருவர் என்பது விகிதம். தலை எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரியாகும். உபரியான இடத்தில் புது நியமனத்துக்கு ஒப்புதல் கிடைக்காது. உயர்நிலைப் பள்ளியில் அந்தத் தலைகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பு வழியாகத்தான் வருகின்றன. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை பிடிப்பது ஜூன் வேலை அல்ல, ஏப்ரல் வேலை. சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பெற்றோரை விடுமுறை விடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அவர்கள் கேட்பதும் மூன்றே விஷயம்: காலையில் எந்தப் பேருந்து, கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் இருக்கிறார்களா, கட்டட நிதி என்று ஏதும் கேட்பீர்களா. மூன்றுக்கும் பதில் சொல்ல நாளைக்கும் இருக்கப்போகும் ஒருவர் வேண்டும். மே மாதத்தோடு போகிறவரும் சொல்ல முடியாது; ஜூலையில் வரப்போகிறவருக்கு அந்த ஊரே தெரியாது.

பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டால் மட்டும் கணக்கில் வந்துவிடாது. பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் பழைய பள்ளி அந்தப் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஐந்தாம் வகுப்புப் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டுப் பெயரை விடுவிக்க மறந்திருக்கும். ஜூலைக் கடைசியில் அது தெரிந்து ஓடுவதைவிட, சேர்க்கை நாளன்றே எமிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்து, பெயர் தொகுப்பில் இல்லையென்றால் அங்கேயே அந்தப் பள்ளிக்குப் போன் செய்வது மேல். தலைப்பெழுத்து, பிறந்த தேதி, ஆதாரில் உள்ள பெயர் மூன்றையும் அப்போதே ஒத்துப்பார்க்க வேண்டும். இதே பதிவிலிருந்துதான் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போகிறது. இங்கே தப்பிய ஒரு எழுத்து மதிப்பெண் சான்றிதழில் ஏறினால் திருத்த அலைச்சல் பெரிது.

இதில் சிரிப்பும் எரிச்சலும் கலந்த ஒன்று உண்டு. தளத்துக்குள் நுழைய வரும் ஓடிபி ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் கைபேசிக்குப் போகும். அவர் மகன் வீட்டுக்குப் போயிருப்பார், போனை எடுக்கமாட்டார். இங்கே பள்ளி காத்திருக்கும். ஒப்படைப்பின்போது சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கு முன்னால் பதிவு செய்த கைபேசி எண்ணையும் வங்கியில் மாதிரிக் கையொப்பத்தையும் மாற்றிவிட வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டின் கடைசி எண், மாற்றுச் சான்றிதழ் புத்தகத்தின் கடைசி எண், ரொக்கப் பதிவேட்டின் இருப்பு ஆகியவற்றின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு, தேதியிட்டு, இருவரும் கையெழுத்திடுவது பழைய முறை. அதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை. ஆய்வகத்து அமிலப் புட்டிகள், சத்துணவு அரிசி இருப்பு, நிலப் பத்திர நகல் ஆகியவையும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும்.

கட்டடத்துக்கு வருகிறேன். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகியது தஞ்சை வட்டாரத்தில் யாருக்கும் மறக்காது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று நான்கின் காலாவதித் தேதியையும் ஒரே தாளில் எழுதித் தலைமையாசிரியர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கலாம். மிஷன் காலத்து ஓட்டுக் கட்டடங்களில் உடைந்த ஓடு கண்ணுக்குத் தெரியும். ஆபத்து அதில் இல்லை. கூரை ஓட்டைத் தாங்கும் கைமரம் சுவரில் உட்காரும் முனையில் கரையான் ஏறியிருக்கும். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு முனையையும் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் அந்த அறையில் பிள்ளைகளை உட்கார வைக்கக்கூடாது. மே மாதத்தில் தச்சர் கிடைப்பார், அறையும் காலியாக இருக்கும்.

தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பிறகு 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். ஒரு வாளியில் குழைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறக்கலாம். போன ஆண்டு பிரித்து வைத்த பொட்டலத்தில் வீரியம் இருக்காது. புதிது வாங்குங்கள்.

இனி லுத்தரன் என்ற பெயருக்குரிய விஷயம். சிறுபான்மை நிறுவனத்தை நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு தருகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் மதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 29(2). பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் மதப் போதனையிலோ வழிபாட்டிலோ உட்காரவைக்கக் கூடாது என்கிறது 28(3). மூன்றும் சேர்ந்துதான் நம் பள்ளி. ஆகவே சேர்க்கை விண்ணப்பத்திலேயே தனியாக ஒரு சம்மதக் கட்டம் வேண்டும். கையெழுத்து இல்லாத பிள்ளைகளுக்கு அதே பாடவேளையில் நீதிபோதனை வகுப்பு, அதற்கென ஓர் ஆசிரியர், ஓர் அறை. பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்திவைப்பது மாற்று ஏற்பாடு ஆகாது. திறப்பு நாள் ஜெபத்துக்குக் குருவானவரை அழைக்கும்போதும் இதைச் சொல்லிவைப்பது நல்லது. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். புதிதாக வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை வெயிலில் நிற்கிறது.

முதல் வாரம் பாடத்தைத் தொடங்காமல், ஆறாம் வகுப்பில் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்றும் கொடுங்கள். ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் 35 பேருக்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. எழுத்துத் தேர்வாக வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் விடைதான் கிடைக்கும்.

லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கியதும், அடுத்த ஆண்டே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதும் நம் ஆண்டுவிழா மேடைகளில் தவறாமல் பேசப்படுகின்றன. பேசட்டும். ஆனால் லுத்தரன் பள்ளி நிர்வாகங்கள் இந்த ஜனவரியிலேயே மே 31-இல் ஓய்வு பெறுவோர் பட்டியலை எடுத்து, பிப்ரவரியில் பள்ளிக் குழுத் தீர்மானத்தை முடித்து, மார்ச்சில் கருத்துருவை அனுப்ப வேண்டும். புதியவர் ஏப்ரல், மே இரண்டு மாதமும் பழையவரோடு பள்ளிக்கு வந்து போகட்டும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. தாளாளரின் ஒரு கடிதம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை மாவட்டம்.