கறுப்பினத் தொழில்முனைவோர் திட்டத்தை நடத்துவோருக்கு: பயிற்சி கடைத்தெருவுக்கு வரட்டும்

மதிப்புக்குரியவர்களே,

நான் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். என்னிடம் வருபவர்களில் தமிழர் பலர். அதேயளவுக்கு ஜமெய்க்கா, கானா, சோமாலியா, எத்தியோப்பியா என்று வேர் கொண்ட குடும்பங்களும் உண்டு. சலூன், சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, குழந்தை பராமரிப்பு எனத் தொழில்கள் வேறு வேறு. ஆனால் வரிக் காலத்தில் எல்லாரும் ஒரே மாதிரி ஒரு பை நிறைய ரசீதுகளோடுதான் வந்து உட்காருவார்கள். அந்த மேசையில் கேட்டதையும் பார்த்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

2020 செப்டெம்பரில் கனடா மத்திய அரசு இந்தத் திட்டத்தை அறிவித்தபோது கறுப்பினக் கடைக்காரர்களிடையே உண்மையான நம்பிக்கை பிறந்தது. 25,000 முதல் 250,000 டொலர் வரை கடன், பயிற்சி கொடுக்கும் அமைப்புகளுக்கு நிதி, ஆய்வுக்கு ஒரு மையம். 2025-இல் இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு 189 மில்லியன் டொலர் வரை ஒதுக்கி அதை நீட்டித்தும் இருக்கிறீர்கள். தேவை பற்றி வாதமே இல்லை. கனடாப் புள்ளிவிவரத் திணைக்களத்தின் கணக்கில் 2018-இல் நாட்டின் தொழில் உரிமையாளர்களில் கறுப்பினத்தவர் 2.1 வீதம்தான். 2021 குடிசன மதிப்பீட்டில் மக்கள்தொகையில் அவர்கள் 4.3 வீதம்.

என் கவலை தலைமைத்துவப் பயிற்சி பற்றியது.

என்னிடம் வரும் ஒரு சலூன் உரிமையாளர் அப்படியொரு வகுப்பில் சேர்ந்தார். வகுப்பு சனிக்கிழமை காலையில். சலூன்காரருக்குச் சனிக்கிழமை என்றால் வாரத்து வருமானத்தில் பெரும்பங்கு அன்றுதான். தலை பின்ன ஐந்தாறு மணிநேரம் பிடிக்கும் வாடிக்கையாளர்கள் விடியும்போதே வந்துவிடுவார்கள். அவர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துவிட்டு நின்றுவிட்டார். பதிவேட்டில் 'பாதியில் விலகியவர்' என்று அவர் பெயர் ஏறியிருக்கும். அங்கே சொல்லிக்கொடுத்ததோ, முதலீட்டாளர் முன்னால் ஐந்து நிமிடத்தில் தொழிலை விளக்குவது எப்படி என்று. அவருக்கு முதலீட்டாளரே தேவையில்லை. அவர் என்னிடம் கேட்டவை வேறு. என் கடையில் நாற்காலியை வாடகைக்கு எடுத்து வேலை செய்கிற பெண் எனக்கு ஊழியரா, சுயதொழில் செய்பவரா? விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்டி என்கிற விற்பனை வரியை எப்படி வசூலிப்பது? எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கடையை யார் நடத்துவது? இந்த மூன்றாவது கேள்விதான் தலைமைத்துவம் என்று நான் நினைக்கிறேன். அதற்கு அந்த வகுப்பில் இடமே இருக்கவில்லை.

அப்புறம் வாடகை ஒப்பந்தம். லிட்டில் ஜமெய்க்கா என்று நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் ரொறன்ரோவின் எக்ளின்டன் மேற்குக் கடைத்தெருவில் 2011-இல் ரயில் பாதை வேலை தொடங்கியது. 2020-இல் திறக்கும் என்றார்கள். அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நடைபாதை அடைபட்டு, வாகனம் நிறுத்த இடமில்லாமல், கடை திறந்திருக்கிறதா என்றே தெரியாத நிலையில் பலர் மூடிவிட்டுப் போனார்கள். நின்று பிடித்தவர்களுக்கு அடுத்த அடி அதே ரயிலால்தான் வருகிறது, ஏனென்றால் நிலையம் வந்தால் நிலத்தின் விலை ஏறும். ஒன்ராறியோவில் வணிக வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. ஒப்பந்தம் முடியும் நாளில் உரிமையாளர் எவ்வளவும் கேட்கலாம். அடிப்படை வாடகையோடு சொத்துவரி, பராமரிப்பு, காப்புறுதி ஆகியவற்றிலும் பங்கு கட்ட வேண்டும் என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். கட்டடத்தை இடித்துக் கட்டுவதென்றால் சில மாத அறிவித்தலோடு வெளியேற்றலாம் என்றும் இருக்கும். இருபது வருடம் கடை நடத்திய ஒருவர் தன் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை என் மேசையில்தான் முதல்முறை வாசித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞர் அரை மணிநேரம் கூட இருந்திருந்தால் போதும். கடையை இழந்தபின் எந்தக் கடனாலும் அதை ஈடுகட்ட முடியாது.

நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு ஆளும் இந்தத் தெருக்களில் இருக்கிறார். நம்மவர்கள் சீட்டுப் பிடிப்பது போலவே ஜமெய்க்கர்கள் பார்ட்னர் போடுகிறார்கள். ட்ரினிடாட்காரர்களுக்கு அது சூசூ, எத்தியோப்பியர்களுக்கு ஈக்குப். ஒவ்வொரு குழுவிலும் பணத்தைச் சேர்த்து, யாருக்கு எந்த மாதம் என்று தீர்மானித்து, தவறுகிறவரிடம் பேசிச் சமாளித்து வட்டத்தை முடித்துக் கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகப் பேராசிரியர் கரோலைன் ஷெனாஸ் ஹொசைன் இந்தப் பெண்களைப் பற்றித்தான் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து எழுதிவருகிறார். வங்கி இல்லாமலே பலருடைய நம்பிக்கையையும் பணத்தையும் காப்பவருக்குத் தலைமை தாங்கத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் கடன் விண்ணப்பத்தில் அவருடைய அத்தனை வருட நாணயத்தையும் எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வகுப்புகளைத் திங்கள் மாலைக்கு மாற்றுங்கள். சலூன்கள் பல அன்று பூட்டியிருக்கும். இடமும் நகரமையத்து மாநாட்டு அறையாக இருக்க வேண்டியதில்லை. எக்ளின்டனிலும், நகரின் வடமேற்கிலுள்ள ஜேன்-ஃபிஞ்சிலும் மலிவாக மண்டபம் கிடைக்கும். கற்பிக்கிறவர்களில் பாதிப்பேராவது அந்தத் தெருவில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர்களாக இருக்கட்டும், அவர்களுக்கு ஆலோசகர்களுக்குக் கொடுக்கும் அதே கட்டணத்தைக் கொடுங்கள். பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்ததும் கைவிடாமல், ஒரு கணக்கரும் ஒரு குத்தகை வழக்கறிஞரும் இரண்டு மூன்று வருடம் அந்தக் கடையோடு இருக்கும்படி நிதி ஒதுக்குங்கள். பார்ட்னர், சூசூ, ஈக்குப் பதிவுகளைக் கடன் தகுதிக்குச் சான்றாக ஏற்க ஒரு முறையை அந்தப் பெண்களையே கூப்பிட்டு வைத்து எழுதுங்கள். வெற்றியை எத்தனை பேர் வகுப்பை முடித்தார்கள் என்று எண்ணாமல், ஐந்து வருடம் கழித்து அதே முகவரியில் எத்தனை கடைகள் திறந்திருக்கின்றன என்று எண்ணுங்கள்.

புதிய நிதியின் முதல் ஆண்டுகளிலேயே இதைச் செய்ய முடியும். படிவங்களைத் திருத்தும் வேலைக்கு என்னைப் போன்ற கணக்கர்கள் சம்பளம் கேட்காமல் வரத் தயார்.

நன்றியுடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு கணக்கர்