அது ராங் நம்பர் இல்லை, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

2025 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சிக்கு 50 வயது நிறைந்தது. பொதிகை, டிடி தமிழ் ஆனதே உனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு நீ டிவியையே போடவில்லை. அப்போதே இதை எழுதியிருக்க வேண்டும்.

சிவானந்தா சாலை ஸ்டூடியோவில் செவ்வாய்க்கிழமை நாடகத்துக்கு முழு வசனத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போனவள் நீ. மெகா தொடர்களில், பின்னாலிருந்து ஒருவர் வசனத்தைச் சொல்லச் சொல்ல நடிப்பது உனக்குக் கடைசிவரை கூச்சமாகவே இருந்தது.

2012-ல் நீ விலகிய பிறகு வந்த அந்தத் திங்கட்கிழமை. நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். உன் புடவைக்கட்டும் உன் பொட்டுமாக வேறொருவர் மாடிப்படி இறங்கி வந்தார். கீழே எழுத்து ஓடியது: ‘இவருக்குப் பதில் இவர்.’ நாலு வருஷம் நீ நடித்த பாத்திரம், உன் பெயர்கூட இல்லை. "நல்லாதான் பண்றா. கையை எங்க வெச்சுக்கிறதுன்னுதான் தெரியல" என்றாய். அப்புறம் ரொம்ப நேரம் கீரைக்கட்டைத் தொடவே இல்லை.

நீயாக விடவில்லை, நான்தான் விடச் சொன்னேன். கைக்குழந்தையோடு என்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. வேறு காரணமும் உண்டு. சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள், அது நம் இருவரோடு இருக்கட்டும்.

என் பக்கமும் இருக்கிறது அம்மா. நான் வயதுக்கு வந்த அன்று நீ அவுட்டோரில் இருந்தாய். பக்கத்து வீட்டு அத்தைதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். யார் யாருடைய மகளுக்கோ கிளிசரின் போட்டு அழுதாய், எனக்காக நீ அழுது நான் பார்த்ததில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் காலேஜ் ஃபீஸ் கட்டினாய், அதுவும் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். நீ விலகி ஆறு மாதம் கழித்து ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் வீட்டுக்கு போன் செய்தார். பாட்டி வேடம், மாதம் 12 நாள் கால்ஷீட். "அம்மா இனிமே நடிக்க மாட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே யாரென்று கேட்டாய். ராங் நம்பர் என்றேன். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. உன்னை எல்லோரும் மறந்துவிட்டதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

மன்னித்துவிடு. அன்றைக்கு எனக்கு நீ வேண்டியிருந்தது.

அவருடைய நம்பரைத் தேடி வாங்கிவிட்டேன். இப்போதும் தொடர்களில்தான் இருக்கிறாராம். இந்தத் தடவை நானாக எதுவும் பேசவில்லை. உன் கண்ணாடிக் கூட்டுக்குள் சீட்டு இருக்கிறது.