மூன்று முறை போன கிராஸ்

கோவென்ட்ரி,
ஞாயிறு காலை.

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. "வண்டி சரியாச்சா இல்லையா, அதை மட்டும் எழுது" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். சரியாகாமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதலாம்.

முதலில் உன் சேதி. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏற அவசரப்படாதே. வசந்தாவின் அக்கா மூன்று மாதம் பொறுத்திருந்துதான் சரியாக நடந்தார். சரவணன் ஷெட்டில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சர்வீஸ் ஆரம்பித்ததைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருந்தாய். எனக்கு வருத்தமாகத் தெரியவில்லை. அவன் கையில் இருப்பது ஸ்பேனரோ மல்டிமீட்டரோ, பழுதைத் தேடுகிற புத்தி ஒன்றுதானே. ஆனால் உன் டூல்ஸ் பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய் பார், அது மட்டும் வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இனி வண்டி. 1971-ஆம் வருட டிரையம்ப் டிஆர்6 கார், போட்டோ அனுப்பியிருந்தேனே, வெளிர் மஞ்சள். ஆறு சிலிண்டர், 2498 சிசி. இந்த ஊரிலேயே, கான்லி ஃபேக்டரியில் பிறந்தது. அங்கே கார் செய்வதை 1980-லேயே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வண்டலூர்ப் பக்கம் இருந்த நம்ம ஸ்டாண்டர்ட் ஃபேக்டரி ஞாபகம் வரும். நாம் இருவரும் கை பழகிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கும் இதற்கும் தாய்வீடு இந்த ஊர்தான். ஒரே குடும்பம், அதனால் இந்த வண்டி எனக்குத் தெரிந்த வண்டி என்ற நினைப்பில்தான் வாங்கினேன். அந்த நினைப்புதான் என்னைப் பதினான்கு மாதம் அலைக்கழித்தது.

இங்கே 40 வருடம் தாண்டிய வண்டிக்கு 2018-லிருந்து எம்ஓடி என்கிற வருடாந்தர தகுதிச் சோதனை கட்டாயமில்லை. நான் விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னொரு ஆள் வண்டிக்கு அடியில் நின்று பார்ப்பது நல்லது. போன வருடம் அப்படிப் பார்த்தவர்தான் இடது பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டைக் கையால் முறுக்கிக் காட்டினார். வெளிப்பக்கக் கிராஸில், அதாவது ஷாஃப்ட் வளைந்து சுழல மூட்டில் இருக்கும் கூட்டல் குறி வடிவ இரும்பில், ஆட்டம். எனக்கும் சில நாளாக ரிவர்ஸிலிருந்து முதல் கியர் போடும்போது 'டொக்'கென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கிராஸ் கிட் வாங்கி நானே மாற்றினேன். நாற்பது வருடம் கழித்துக் கிராஸ் அடித்தேன், அதைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் வளையம் நான்கும் முதல் தடவையிலேயே பள்ளத்தில் உட்கார்ந்தன. உனக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொன்னேனே.

400 மைல்தான் ஓடியது. அதே பக்கம், இந்தத் தடவை உள்பக்கக் கிராஸ். கிட் மட்டமானது போலிருக்கிறது என்று நினைத்து, விலை கூடின இன்னொரு கம்பெனி சாமான் வாங்கி இரண்டையும் மாற்றினேன். நிப்பிள் வைத்த வகைதான் வாங்கினேன், கிரீஸ் அடிக்க வழி இருக்கட்டும் என்று. மாதம் ஒரு தடவை கன் வைத்து அடித்தேன், கிராஸின் கால் முனைகளை மூடும் நான்கு கேப்பிலும் கிரீஸ் பிதுங்கி வரும்வரை.

மூன்றாவது தடவை நடுவழியில் போனது. பிராட்வே என்று ஓர் ஊர், அதற்கு மேலே ஏ44 ரோட்டில் ஃபிஷ் ஹில் என்று செங்குத்தான ஏற்றம். ஏறும்போது சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம், அப்புறம் தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம். ஓரங்கட்டினேன். நவம்பர் குளிர். துணிக்கூரை வண்டி, உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான். வசந்தா ஃபிளாஸ்க் காபியை இரண்டு கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ரெக்கவரி லாரிக்குக் காத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின், "இந்தத் தடவை சாமான் வாங்குறதுக்கு முன்னாடி உக்காந்து யோசிங்க" என்றாள். முருகேசா, ஒரு மெக்கானிக்குக்கு அதைவிடச் சரியான ஆலோசனையை யாரும் சொல்லியிருக்க முடியாது.

யோசித்தேன். சமையலறை மேஜையில் பேப்பர் விரித்து, மூன்று தடவையும் கழற்றிய கிராஸ்களை வரிசையாக வைத்தேன். நல்லவேளை, எதையும் தூக்கிப் போடவில்லை. கேப்பைத் தட்டினால் உள்ளே உருளும் ஊசிக் கம்பிகளான நீடில் எல்லாம் செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூளோடு கொட்டியது. கிராஸின் கால்களைத் துடைத்துவிட்டு வசந்தாவின் தையல் லென்ஸை வைத்துப் பார்த்தேன். சீப்புப் பல் பதிந்த மாதிரி கோடுகள். இது நீயும் நானும் நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் நாம் பார்த்ததில் கோடு ஒரு முகத்தில்தான் ஆழமாக இருக்கும், வண்டியை முன்னுக்குத் தள்ளுகிற முகத்தில். இதில் காலின் இரண்டு முகத்திலும் ஒரே ஆழம். முன்னே தள்ளிய பாரம் அதே வேகத்தில் பின்னுக்கும் அடித்திருக்கிறது. கிரீஸ் இல்லாததாலோ மட்டமான இரும்பினாலோ இப்படி வராது. இந்தக் கிராஸ்கள் குற்றவாளியில்லை, சாட்சி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்த மாடலில் டிஃபரன்ஷியலை, பின்சக்கரம் இரண்டுக்கும் முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, தாங்கும் முன் மவுண்டிங் ராடு சேஸிஸில் வெடிப்பது பேர்போன கோளாறு, அதிலும் வலது முன்பக்கம். அது விட்டால் ஹவுசிங்கே மூக்கைத் தூக்கும், ஷாஃப்டின் கோணம் கெடும். பெயின்டைச் சுரண்டிப் பார்த்தேன். முன்பு வைத்திருந்தவர் பட்டை வைத்து வெல்டு செய்திருந்தார், கல் மாதிரி இருந்தது. ஸ்பிரிங் தாழ்ந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் அளந்தேன், சமம். ஃபிளேஞ்ச் போல்ட், ஹப் பேரிங், எல்லாம் சரி.

மிச்சம் இருந்தது ஷாஃப்டின் நடுவில் பூட் என்கிற ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும் ஸ்ப்லைன், ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பல் வரிசை, மட்டும். இங்கேதான் ஹெரால்டு அனுபவம் என் கண்ணை மறைத்தது. ஹெரால்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே கிராஸ்தான், டிஃபரன்ஷியல் ஓரத்தில். சக்கரமும் ஷாஃப்டும் சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரம் இரண்டும் உள்ளே மடங்குமே, அது அதனால்தான். டிஆர்6-இல் பின்சக்கரம் தனி ஆர்மில் ஆடுகிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு கிராஸ், நடுவில் நீளம் கூடிக் குறைய ஒரு ஸ்ப்லைன். இரண்டு கிராஸ் என்றால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அந்தப் பேச்சே ஹெரால்டின் பின் ஷாஃப்டில் கிடையாது, அதனால் எனக்கு அது தோன்றவே இல்லை.

உனக்குத் தெரிந்த விஷயம்தான், என்றாலும் சரவணன் படிப்பான் என்பதால் எழுதுகிறேன். உன் பெட்டியில் சாக்கெட்டோடு போடுகிற சின்ன யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறதல்லவா, அதை நன்றாக வளைத்துப் பிடித்து ஒரு பக்கத்தை ஒரே சீராகத் திருப்பச் சொல். மறுபக்கம் சீராகத் திரும்பாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். 10 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழும் 1.5 சதவீதம் அளவுக்கு இருக்கும். கேட்க அற்பம்தான். ஆனால் 60 மைல் வேகத்தில் இந்த வண்டியின் சக்கரம் விநாடிக்கு 13 சுற்று சுற்றுகிறது. அப்படியானால் விநாடிக்கு 26 முந்தல், 26 பிந்தல். முதல் கிராஸ் முந்தும் நேரத்தில் இரண்டாவது கிராஸ் அதே அளவு பிந்தினால் கணக்கு நேராகி, சக்கரத்துக்குச் சீரான சுழற்சி போய்ச் சேரும். அதற்கு ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவையான யோக்கும் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும். ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளி மாட்டினால் ஒன்றையொன்று நேராக்குவது குறைந்துபோகும், மிச்சம் உதைதான்.

கியர் பாக்ஸிலிருந்து பின்னுக்குப் போகும் கார்டன் ஷாஃப்டில்கூட இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். பின் ஷாஃப்டில் முடியாது. முதல் கியரில் இன்ஜினின் முறுக்கு கியர் பாக்ஸிலும் கிரவுன் பினியனிலும் பெருகி, பத்து மடங்குக்கு மேல் ஆகித்தான் இந்த இரண்டு ஷாஃப்டுக்கும் வருகிறது. அந்தப் பாரத்தோடு உதையும் சேர்ந்தால் எந்தக் கம்பெனி கிராஸ் தாங்கும்?

இடது ஷாஃப்டைத் திரும்பவும் எடுத்து, கிராஸ் இல்லாமல் வெறும் யோக்கோடு மேஜைமேல் கிடத்தினேன். யோக்கின் துளைகளில் சரியாக உட்காருகிற மாதிரி இரண்டு குழாய்த் துண்டு, முனைக்கு ஒன்று. ஒரு குழாயின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை ஷாஃப்டை உருட்டி, அசையாமல் அண்டை கொடுத்தேன். பிறகு ரசமட்டத்தை எடுத்து மறுமுனைக் குழாயில் வைத்தேன். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நம்பாமல் திருப்பி வைத்தேன், மறுபடி ஓரம். வலது ஷாஃப்டையும் கழற்றிக்கொண்டு வந்து அதே மாதிரி வைத்தேன். இரண்டு முனையிலும் குமிழி நடுவில் நின்றது. நான் கொஞ்ச நேரம் அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டியோடு வந்த பழைய பில் கட்டில், நான் வாங்குவதற்கு முன் ஏதோ ஒரு பட்டறையில் ஷாஃப்டுகளைப் பிரித்து பூட் மாற்றியதாக ஒரு பில் இருக்கிறது. அங்கே நடந்ததோ அதற்கு முன்னாலோ, தெரியாது. யாரையும் குறை சொல்லி எழுத விரும்பவில்லை. நானே அந்த ஷாஃப்டை மூன்று தடவை மடியில் வைத்துக் கிராஸைக் கழற்றியிருக்கிறேன். மூன்று தடவையும் நடுவில் இருந்த ரப்பர் உறையைப் பிரிக்கவில்லை, முனைகளை மட்டும்தான் பார்த்தேன்.

ஒரு பல் திருப்பி மாட்டினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் தப்பான இடத்திலேயே உழன்று ஸ்ப்லைனின் பற்களில் படி விழுந்திருந்தது, கையால் இழுத்தால் பாதியில் பிடித்தது. இந்த மாடலில் அது ஆபத்து. பாரத்தில் பிடித்துக்கொள்ளும் ஸ்ப்லைன், வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் சட்டென்று விடுபட்டு, வண்டியின் பின்பக்கத்தை ஒரு தள்ளு தள்ளும். அதனால் தேய்மானமில்லாத ஒரு பழைய ஷாஃப்ட் தேடி வாங்கினேன். இப்போது பலர் ஸ்ப்லைனையே எடுத்துவிட்டு, முன்சக்கர டிரைவ் வண்டிகளில் வருகிற மாதிரி சிவி ஜாயின்ட் ஷாஃப்ட் போட்டுவிடுகிறார்கள். அது நல்ல வேலைதான், யாராவது கேட்டால் போடச் சொல்வேன். நான் போடவில்லை. என்ன கோளாறு என்று தெரிந்தபின் பழையதையே சரியாக மாட்டிப் பார்க்க ஆசை.

மாட்டி 1100 மைல் ஆகிறது. போன வாரம் ஃபிஷ் ஹில் ஏறினோம், வசந்தாவும் கூட வந்தாள். வந்ததும் வண்டியைத் தூக்கி, வெள்ளை வேட்டித் துணியால் நான்கு கேப்பையும் துடைத்தேன். கறுப்புக் கிரீஸ் மட்டும்தான் ஒட்டியது. சிவப்பு துளிகூட இல்லை.

இதெல்லாம் எனக்குப் புதுப்பேட்டையில் பாய் கடையிலேயே சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம், முருகேசா. அதுதான் என்னைப் படுத்துகிறது. லாரி கார்டன் ஷாஃப்ட் எது வந்தாலும், ஸ்ப்லைனைப் பிரிக்கும் முன் பெரிய பாய் நம்மை நிறுத்துவார், ஞாபகமிருக்கிறதா? "குத்தாம பிரிச்சா கையை ஒடிப்பேன்" என்பார். இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, சென்டர் பஞ்சால் அவரே குத்துவார். மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி. ஏன் என்று அவர் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. அவருக்குக் காரணம் தெரிந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். புள்ளி தப்பிய வண்டி திரும்பி வரும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

வாங்கிய இடது ஷாஃப்டில் ரசமட்டம் பார்த்து மாட்டியபின் நானும் ஸ்ப்லைனின் இரண்டு பக்கமும் புள்ளி குத்தினேன். எனக்கு அப்புறம் இந்த வண்டியை யார் பிரித்தாலும் கண்ணில் படட்டும். ஆனால் குத்தியது கடையில் வாங்கிய பஞ்ச். பாய் கடை மூடியபோது கொடுத்த பஞ்ச் உன் பெட்டியில்தானே இருக்கிறது, தலை காளான் மாதிரி விரிந்தது? பெட்டியை விற்காதே என்றது அதற்காகத்தான். ஜூலையில் உன் பேத்தி படிக்க லெஸ்டர் வருகிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அவளை ஏர்போர்ட்டில் அழைத்துக்கொள்ள நாங்கள் போகிறோம், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. பஞ்சை அவளிடம் கொடுத்தனுப்பு. கைப்பையில் வைத்தால் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வைக்கச் சொல்.

வலது ஷாஃப்டுக்கு இன்னும் புள்ளி வைக்கவில்லை.

லட்சுமிக்கு எங்கள் அன்பு. கால் பத்திரம்.

உன்,
ராமநாதன்