ஆடி ஒரு மாசம்தான்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதறேன். போன் பண்ணா "சரிப்பா, சரிப்பா"ன்னு சொல்லி வச்சிடுற. அதான் கடிதம்.

இங்க ஆவணியும் புரட்டாசியும் ஏமாத்தல. பகலெல்லாம் வெயில் பொசுக்குது, சாயங்காலம் மேகம் கட்டி இடியோட ஒரு மணி நேரம் ஊத்திட்டுப் போயிடுது. மேட்டுக் கொல்லையில ராகி கதிர் வாங்கிடுச்சு. ஊடால போட்ட அவரையும் பூ வச்சிருக்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

ஆடியில உண்டானா பிரசவம் சித்திரை வெயில்ல வந்து நிக்கும். அதுக்குத்தான் புதுப்பொண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பறது. ஆடி ஒரு மாசம்தான் தம்பி. இப்ப புரட்டாசி முடியப் போகுது.

கொச்சியில மழை ஓயட்டும்பான்னு சொன்ன. ஜூன் 1 வாக்குல அங்க இறங்கற மழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு, ஆனி ஆடியில நமக்குக் காத்தைத்தான் நிறைய அனுப்பும். செப்டம்பர்ல அங்கயும் குறைஞ்சிடும். நாப்பது வருசமா வானத்தைப் பார்த்து வெள்ளாமை பண்றவன்கிட்ட மழையைச் சொல்ற.

2024 டிசம்பர்ல, ஃபெஞ்சல் புயலப்ப, ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுச்சே, அது மழை. ரோட்டோரம் நின்ன வேனு காரெல்லாம் அடிச்சிட்டுப் போச்சு. அந்த வெள்ளத்துலயும் பஸ் மாத்தி மாத்தி வந்து நின்ன. ஊரே உன்னைப் பேசுச்சு, எனக்கு நெஞ்சு நிமிர்ந்துது. மாட்டுக்காக அப்படி ஓடி வந்தவன் நீ.

ஆடிச்சீர் அன்னைக்கு ஏதோ வார்த்தை தடிச்சிடுச்சுன்னு உங்கம்மா சொன்னா. என்னன்னு நான் கேக்கல. நேரத்துக்குச் சாப்பிடு. தலை தீபாவளி வருது. ஆடி ஒரு மாசம்தான்.

என் தலை தீபாவளிக்கு நான் போகல தம்பி. சீர்ல உங்க தாத்தா ஒரு சொல் சொல்லிட்டார்னு வீம்பு. ஆத்துல தண்ணி போகுது, தாண்ட முடியலன்னு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். அவங்க ஊருக்கும் நமக்கும் எட்டு மைல். அந்த ஐப்பசியில ஒரு சொட்டு விழல. உங்கம்மா தலைக்கு மேலயும் அதே வானம்தானே. எண்ணெய் காய்ச்சி வச்சிட்டு வாசல்லயே நின்னாளாம், உங்க சின்னம்மா பின்னாடி சொல்லித் தெரியும். தையிலதான் போய்க் கூட்டி வந்தேன். ஆத்தைப் பத்தி உங்கம்மா ஒரு வார்த்தை கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல. மேகம் கட்டினா அவ துணி எடுக்க வெளிய வருவா. அவ மூஞ்சைப் பார்க்க முடியாம நான் மாட்டை அவுக்கப் போயிடுவேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

எர்ணாகுளத்துல ராத்திரி ரயில் ஏறினா விடியறதுக்குள்ள சேலம். அங்கிருந்து அரூருக்குப் பஸ் இருக்கு. நேரா அங்க போ, இங்க அப்புறம் வரலாம். டிக்கெட் போட்டதும் உங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லு.

அப்பா