லேப்டாப்பை ஒரு ராத்திரி ஏன் விட்டுப் போகச் சொல்கிறோம்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஃபோனுக்கு அஞ்சு நிமிஷத்துல ஒட்டிக் குடுத்துடுறீங்க, லேப்டாப்புக்கு மட்டும் எதுக்குண்ணே ஒரு நாள்?" போன வாரம் மட்டும் இதை எத்தனை பேர் கேட்டீர்கள் என்று நான் எண்ணவில்லை. கல்லாவில் நின்றபடியே அரைகுறையாக ஏதோ பதில் சொல்லத் தொடங்குவேன், பின்னால் நிற்கிறவர் டாப்அப் கேட்பார், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். எழுதியே அனுப்பிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், ஒரு கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் விஷயம். இனிமேல் லேப்டாப்புக்குக் கிளியர் ஃபிலிம் (கீறல் விழாமல் மூடியின் மேல் ஒட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவான மெல்லிய படலம்) ஒட்ட வேண்டுமென்றால் மாலையில் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். "அவசரம், நிக்கிறேன், ஒட்டிக் குடுங்க" என்றால் மன்னிக்கவும், செய்ய மாட்டோம்.

ஃபோனுக்கு நாங்கள் ஒட்டுவது பெரும்பாலும் கண்ணாடி. உள்ளங்கை அளவுதான், உலர்ந்தபடியே வைத்தால் தானாகப் பரவி ஒட்டிக்கொள்ளும். 13 அங்குல லேப்டாப்பின் மூடி கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாள் அளவு இருக்கும். அவ்வளவு பெரிய ஃபிலிமை உலர்வாக ஒட்டப் போனால் ஒரு மூலை பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், இன்னொரு மூலை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், பிரித்து மறுபடி வைத்தால் பசையில் கோடு விழுந்துவிடும். அதனால் ஈரமாக ஒட்டுகிறோம். அரை லிட்டர் தண்ணீரில் நாலைந்து சொட்டு பேபி ஷாம்பு, அவ்வளவுதான் ரகசியம். அந்த வழவழப்பில் ஃபிலிம் மிதக்கும், இழுத்து நகர்த்தி நாலு ஓரமும் சரியாக வரும்வரை விளையாடலாம். சரியான இடத்துக்கு வந்ததும் ரப்பர் கத்தி மாதிரி ஒரு தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி வெளியேற்றுவோம். தண்ணீர் போன இடத்தில்தான் பசை பிடிக்கும்.

ஆனால் எவ்வளவு தள்ளினாலும் ஒரு மெல்லிய ஈரப் படலம் அடியில் தங்கத்தான் செய்யும். ஒட்டிய கையோடு பார்த்தால் மூடி புகை படிந்த மாதிரி லேசாக மங்கலாக இருக்கும், அங்கங்கே சின்னச் சின்னத் தண்ணீர்க் கொப்புளங்கள். நாங்கள் போடும் டிபியு (ரப்பர் மாதிரி வளையும் ஒருவகை பாலியுரேத்தேன் பிளாஸ்டிக்) ஃபிலிம் வழியாக அந்த ஈரம் மெல்ல மெல்ல வெளியே போய்விடும், பசையும் ஒன்றிரண்டு நாளில் முழுசாக இறுகிவிடும். நம் சிங்கப்பூர் காற்றிலே எப்போதும் ஈரம். சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல், மழை நாளில் கேட்கவே வேண்டாம். துணியே காயாத ஊரில் ஃபிலிமுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் மட்டும் அரை மணியில் காய்ந்துவிடுமா? அதனால்தான் ஏர்கான் போட்ட பின்னறையில் ராத்திரி முழுக்க வைத்திருக்கிறோம். அதற்குள் ஓரங்கள் பிடித்துவிடும். மறுநாள் வாங்கிப் போகும்போது லேசான மங்கல் மிச்சமிருந்தால் பயப்படாதீர்கள், சில நாளில் போய்விடும். போகாதது தூசி மட்டும்தான். கையால் தடவினால் மணல் மாதிரி குத்தும் புள்ளி இருந்தால் அது தூசி. கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம்.

சரி, இதெல்லாம் முன்பே தெரிந்தும் ஏன் இவ்வளவு நாள் நிற்க வைத்து ஒட்டிக் கொடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பேராசை என்று சொல்லலாம், கூட்டம் என்றும் சொல்லலாம். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, சிராங்கூன் சாலையில் நடக்கவே இடமில்லை, கடைக்குள் பத்துப் பேர். ஓர் அக்கா மகனுடைய லேப்டாப்பைக் கொண்டு வந்தார், மூடிக்கும் உள்ளே கை வைக்கும் இடத்துக்கும் ஒட்டச் சொன்னார். தண்ணீரை எப்போதும் ஃபிலிமின் பசைப் பக்கத்தில்தான் தெளிக்க வேண்டும், லேப்டாப்பில் தெளிக்கவே கூடாது. அன்று அவசரத்தில் நானே (கடைத் தம்பி இல்லை, நானேதான்) கீபோர்டு பக்கத்தில் ஒரு தடவை பீச்சிவிட்டேன். கீபோர்டுக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கருக்காக ஊசி முனை அளவில் துளைகள் இருக்குமே, அதற்கு மேல் ஒரு சொட்டு முத்து மாதிரி நின்றது. துணியை எடுக்கத் திரும்பினேன், அதற்குள் அது காணாமல் போய்விட்டது. துடைத்தேன், ஆன் பண்ணிப் பார்த்தேன், எல்லாம் வேலை செய்தது, கொடுத்தனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அக்கா திரும்பி வந்தார். இடது பக்கம் மூன்று நான்கு எழுத்துகள் அடித்தால் விழவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அவனுக்கு இதுதான் ஸ்கூல் லேப்டாப்பு, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

கீபோர்டை மாற்றிக் கொடுத்தோம், செலவு எங்களுடையது. அந்த மாதம் ஃபிலிமில் பார்த்த லாபம் முழுக்க அதிலேயே போயிற்று, அது வேறு விஷயம். அந்தப் பையனுக்குப் பள்ளி வேலை அத்தனையும் அதில்தான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொந்தக் கருவி என்ற திட்டத்தை அரசாங்கம் முதலில் 2028க்கு என்று வைத்திருந்தது, கோவிட் வந்ததும் 2021க்கே கொண்டு வந்துவிட்டார்கள். அது இல்லாமல் ஒரு வாரம் என்றால் பிள்ளைக்கு என்ன பாடு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு இரண்டு விஷயத்தை மாற்றினோம். ஒன்று, மேலே சொன்ன ஒரு ராத்திரி. இன்னொன்று, கீபோர்டு இருக்கும் பக்கத்தில் இனி ஈரமே கிடையாது. அங்கே ஒட்டினால் உலர்வாகத்தான், அதுவும் எல்லா மாடலுக்கும் இல்லை. காரணம் தண்ணீர் மட்டும் இல்லை. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகளை மூடினால் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் மயிரிழைதான் இடம், அங்கே கனமாக ஏதாவது இருந்தால் மூடும்போது திரை அழுந்தி உடையலாம். மேக்புக்கில் கேமரா மறைப்பு ஒட்டவே வேண்டாம், ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சாதாரணப் பிரிண்டர் தாளின் கனத்துக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. நாங்கள் மூடிக்குப் போடும் ஃபிலிம் 0.15 மில்லிமீட்டர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதனால் மேக்புக்கோ வேறு மெல்லிய மாடலோ கொண்டு வந்து "உள்ளேயும் ஒட்டுங்க" என்றால் நாங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வோம். வளையல் உரசிக் கை வைக்கும் இடம் கோடு கோடாகிறது என்று பல அக்காமார் சொல்கிறீர்கள், உண்மைதான், என் மனைவியின் லேப்டாப்பும் அப்படித்தான் இருக்கிறது. டைப் செய்யும்போது மட்டும் மெல்லிய துணி ஒன்றை விரித்துக்கொண்டு, மூடும் முன் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. புதிய மேக்புக்குகளை ஷட்டவுன் செய்து வைத்தாலும் மூடியைத் திறந்ததுமே தானாக உயிர் வந்துவிடும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பட்டனில் கை பட்டால் போதும். ஆஃப் ஆகித்தானே இருக்கிறது என்று நம்பித் தண்ணீரோடு பக்கத்தில் போக முடியாது. உள்பக்கம் ஈரம் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிமூடி உலோகமாகவோ சாதாரண பிளாஸ்டிக்காகவோ இருந்தால் தாராளமாக ஒட்டலாம். கைக்கு வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும் ரப்பர் பூச்சு மூடி என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தப் பூச்சு நம் ஊர் ஈரத்தில் சில வருஷத்தில் தானாகவே பிசுபிசுக்கத் தொடங்கும், பழைய ரிமோட், பழைய மவுஸ் இதிலெல்லாம் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் ஃபிலிம் ஒட்டினால் முதலில் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் பின்னால் உரிக்கும்போது பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். அடிப்பக்கத்தில் காற்றுத் துவாரம், திருகாணி, ரப்பர் கால் இவற்றைச் சுற்றி வெட்டி விட்டுத்தான் ஒட்டுவோம். துவாரத்தை மூடிவிட்டால் சூடு எங்கே போகும்? திருகாணி மேல் ஒட்டினால் நாளைக்கு பேட்டரி மாற்றும்போது மொத்தத்தையும் கிழிக்க வேண்டியிருக்கும். பள்ளியோ அலுவலகமோ ஒட்டியிருக்கும் எண் சீட்டின் மேலும் ஒட்ட மாட்டோம். கம்பெனி லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

இந்த டிபியு சமாச்சாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் சுழல் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்கப் போட்ட பாலியுரேத்தேன் படலம்தான் இதற்கு மூத்த அண்ணன். பிறகு பந்தயக் கார், அப்புறம் சாதாரணக் கார். சிஓஇக்கு (கார் வைத்திருக்க அரசாங்கத்திடம் வாங்கும் உரிமைச் சான்றிதழ்) அவ்வளவு கட்டி வாங்கிய காரில் கீறல் விழுந்தால் யாருக்குத்தான் மனசு தாங்கும். அங்கிருந்து ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் இறங்கி வந்திருக்கிறது. மேல் பூச்சு நல்ல சரக்காக இருந்தால் மயிரிழைக் கீறல்கள் சூடு பட்டதும் தானாக மறையும், ஹேர் டிரையரை இதமான சூட்டில் தூரத்தில் பிடித்துக் காட்டினால் கண்ணெதிரே போவதைப் பார்க்கலாம். ஆழமாக வெட்டியது மறையாது. கீழே விழுந்தால் நசுங்குவதையும் இது தடுக்காது. தடுக்கும் என்று யாராவது சொல்லி விற்றால் வாங்காதீர்கள், நாங்களே சொன்னாலும் வாங்காதீர்கள்.

மஞ்சளாகுமா என்று கேட்கிறீர்கள். டிபியுவிலேயே இரண்டு வகை உண்டு, அரோமாட்டிக், அலிஃபாட்டிக் என்பார்கள். முன்னது மலிவு, வெயில் பட்டால் பழுக்கும். நாங்கள் பின்னதைத்தான் வாங்குகிறோம், விலை கூடுதல், ஆனால் வெயிலைத் தாங்கும். மீன் கறி மஞ்சளைத் தாங்கும் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். சாப்பாட்டு மேசையில் வேலை பார்க்கிறவர்கள் சிந்தியதும் துடைத்துவிடுங்கள்.

வீட்டிலேயே ஒட்டிப் பார்க்கிறேன் என்று ஃபிலிம் மட்டும் வாங்கிப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இதில் எங்களுக்கு ஒன்றும் கோபமில்லை. மூடிக்கு மட்டும் முயலுங்கள். லேப்டாப்பை முழுசாக ஆஃப் செய்து, மூடி, ஓரம் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், தண்ணீர் இடுக்கில் இறங்காது. மின்விசிறியை நிறுத்துங்கள், வீட்டுத் தூசிக்குச் சிறகு கொடுப்பதே அதுதான். நாங்களும் ஃபேன் இல்லாமல் வேர்த்து ஒழுகிக்கொண்டுதான் ஒட்டுகிறோம், வேர்வை அதன் மேல் சொட்டாமல் பார்ப்பது தனிக் கலை. மூடியை 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காய விடுங்கள். விரலை நனைத்துக்கொண்டு ஃபிலிமைத் தொடுங்கள், உலர்ந்த விரல் பட்டால் பசையில் ரேகை அப்படியே பதியும், பிறகு வாழ்நாள் முழுக்க உங்கள் கட்டைவிரல் லேப்டாப்பில் இருக்கும். தூசி மாட்டிக்கொண்டால் அந்த ஓரத்தை மட்டும் தூக்கி, டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, மறுபடி கொஞ்சம் தெளித்து மூடுங்கள். முனை ஒட்டாமல் எழும்பினால் அழுத்திச் சண்டை போடாதீர்கள், பத்து நிமிஷம் அப்படியே விட்டு, லேசாகச் சூடு காட்டி அமுக்கினால் உட்காரும். பிறகு ஒரு ராத்திரி ஆன் பண்ணாமல் வைத்திருங்கள்.

விலையில் மாற்றம் இல்லை. மூடிக்கு மட்டும் 35 வெள்ளி, அடிப்பக்கமும் சேர்த்தால் 55. பழைய ஃபிலிமை உரிக்க வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் காசு கிடையாது, ஆனால் ஸ்டிக்கர் இருபது ஒட்டி வைத்திருக்கும் பாலிடெக்னிக் தம்பி தங்கைகள் கொஞ்சம் முன்கூட்டியே வாருங்கள், அதை உரிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

கொண்டுவரும்போது சார்ஜர் வேண்டாம், பாஸ்வேர்டு சொல்லவே வேண்டாம், கேட்கவும் மாட்டோம். உங்கள் கண் முன்னாலேயே எல்லா எழுத்தும் விழுகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று நீங்களே தட்டிக் காட்டுங்கள், பிறகு ஆஃப் செய்து கொடுங்கள். மறுநாள் வாங்கும்போதும் அதே மாதிரி தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும், "பரவாயில்லண்ணே, நம்பிக்கைதான்" என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் விட மாட்டேன். காலை 11 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் வாங்கி வைத்துக்கொள்வோம், ஒட்டுவது திங்கட்கிழமைதான்.