ரகுவுக்கு, மணி விஷயமாக

அன்புள்ள ரகு,

நலம், நலமறிய ஆவல். உன்மேல் கோபமாக இருக்கிறேன், அதனால் குசலம் இவ்வளவுதான்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் மணிக்கு நீ குரல் செய்தி அனுப்பினாயே, அதை எனக்கும் போட்டுக் காட்டினான். "மனசு வச்சா எந்த நோயும் ஓடிடும்டா, நீ சிங்கம்டா" என்று விடாமல் பேசியிருக்கிறாய். கல்லூரித் தேர்தலில் பேசினாயே, அதே குரல், நடுவில் அதே செருமல். அந்தத் தேர்தல் என்ன ஆனது என்று நினைவிருக்கிறதா? மணி நன்றாகச் சிரித்தான். அப்புறம், "குணமாகலேன்னா நான் சரியா மனசு வைக்கலேன்னு ஆயிடுமாடா?" என்று கேட்டான். சிரிப்பு எதுவும் இல்லாமல்.

எதற்கும் ஆதாரம் கேட்பவன் நீ, கேட்டுக்கொள். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார். மார்பகப் புற்று உடம்பில் பரவிவிட்ட பெண்களில், வாராவாரம் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டு மடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்றது அது. பலரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2001இல் பமேலா குட்வின் குழுவினர் 235 பெண்களை வைத்து அதே மாதிரி செய்து பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால் மனவேதனை அதிகம் இருந்தவர்களுக்கு அந்த வேதனையும் வலியும் குறைந்தன. கூட உட்கார்ந்து பேசினால் வலி குறைகிறது என்பதே எவ்வளவு பெரிய விஷயம்! அது போதாதென்று, கட்டியைக் கரைக்கும் வேலையையும் ஏன் அவன் மனசின் தலையில் கட்டுகிறாய்?

கரைப்பது மருந்துதான். கரைந்துகொண்டும் இருக்கிறது, போன ஸ்கேனில் பார்த்தாயிற்று. அவனுக்கு ஆர்-சாப் (R-CHOP) போகிறது, நிணநீர்ப் புற்றுக்குக் கொடுக்கும் கூட்டு மருந்து, 21 நாளுக்கு ஒரு முறை. அதில் ஒரு மருந்து நல்ல சிவப்பு. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, தடிமனான சிரிஞ்சில் மெதுவாகத் தள்ளுவார். "ஒண்ணு ரெண்டு நாளைக்கு யூரின் சிவப்பா போகும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுவார். முதலிலேயே சொல்லாவிட்டால் மனுஷன் அரண்டுபோவான்.

அது முடிந்தால் ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை. தூக்கமே வராது. ராத்திரி இரண்டு மணிக்கு அலமாரியை அடுக்குகிறான். உனக்கு நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்ததும் அதனால்தான், பாசத்தால் என்று நினைத்துப் பூரித்துப்போகாதே. மாத்திரை நின்றதும் பொத்தென்று விழுந்துவிடுவான். பேச்சே இருக்காது. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. நம் சிங்கச் செய்தி வந்து சேர்ந்தது அந்த மாதிரி ஒரு நாளில்.

விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. அன்றைக்குக் கிளம்பும்போது சட்டையின் மேல் பொத்தானோடு மல்லுக்கட்டினான். பொத்தான் இருக்கும் இடமே விரலுக்குத் தெரியவில்லை. நான் கிட்டே போனதும் கையை எடுத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றான். போட்டுவிட்டேன். "இனிமே நீ கிட்டார் வாசிக்க முடியாது, ஊர் தப்பிச்சுது" என்றேன். நன்றாகத் திட்டினான். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

நீ வருவதாக எழுதியிருந்தாய். வா. ஆனால் மருந்து ஏறிய இரண்டாவது வாரத்தில் வராதே. ஏறக்குறைய அப்போதுதான் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும். அடுத்த டோஸுக்கு முந்தைய சில நாள்தான் அவனுக்கு ஓரளவு நல்ல நாள். சளி, தொண்டைக் கரகரப்பு இருந்தால் டிக்கெட்டை ரத்து செய். வந்ததும் கையைக் கழுவு. நீ இருக்கும்போது அவனுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் கொடுத்து அமுக்கிவிட்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. எந்த நேரமானாலும் உடனே டாக்டருக்குப் போன் செய்து, நேராக ஆஸ்பத்திரி.

அவனைப் பார்த்துக்கொள்ளும் கீதாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்வதும் அவளுக்கு இன்னொரு வேலை. நீ வரும்போது இரண்டு ராத்திரி அவனைப் பார்த்துக்கொள், அவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை: காப்பீட்டுக் காகிதங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன். கணக்கு வழக்கில் நீ புலி என்று நீயே சொல்வாய். எது நிலுவை, எதற்குக் கையெழுத்து என்று பிரித்து எனக்கு எழுது. அவளைக் கேட்காதே.

மணிக்கு ராத்திரியில் போன் செய். நோயைப் பற்றி அவன் எடுத்தால் பேசு, இல்லையென்றால் உன் மேனேஜரைத் திட்டு. அந்தக் கதை அவனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொன்னால், "அப்படியெல்லாம் சொல்லாதே" என்று வாயை அடைக்காமல் கேள்.

பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன் என்னைக் கேள். அடுத்த டோஸ் எப்போது என்று ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான் உறுதியாகும்.

அன்புடன்,
சேகர்