நெடுந்தூரப் பயிற்சிக்கு இதயத்துடிப்புக் கருவி தேவையா? பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

நெடுந்தூர ஓட்டம், சைக்கிள், நீச்சல் குழுக்களில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், கடைசிப் பகுதியை எல்லோரும் அவசியம் படிக்க வேண்டும். இந்தப் பருவத்தில் மதிப்பெண்ணைவிட அதிகமாக என்னிடம் கேட்கப்பட்டது ஒரு வாட்சைப் பற்றித்தான். "இதயத்துடிப்பு காட்டுகிற வாட்ச் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை இன்னும் நன்றாக ஓடுமா, சார்?" என்று கேட்கிறீர்கள். சிலர் வாங்கியே கொடுத்துவிட்டீர்கள். பள்ளியே இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மைதானத்துக்குள் எந்தக் கருவியும் வரக் கூடாது என்று இன்னொரு தரப்பு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டாயம் கிடையாது, தடையும் கிடையாது. பள்ளியில் இருக்கும் சில மார்புப் பட்டைகளை (நெஞ்சில் கட்டி இதயத்துடிப்பை அளப்பவை) எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகள் மெதுவான பயிற்சி நாட்களில் ஆசிரியர் முன்னிலையில் கட்டிக்கொள்வார்கள். சொந்த வாட்ச் வைத்திருப்பவர்கள் அதே நாட்களில் அணியலாம். வேக ஓட்ட நாளிலும் போட்டி நாளிலும் அது பைக்குள் இருக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியரும் நானும் நிறைய வாதாடித்தான் இதற்கு வந்தோம். காரணங்கள் உங்களுக்கும் தெரிய வேண்டும்.

முதலில் பலனைப் பற்றி. நெடுந்தூர விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு: வேகமாக ஓடுவதற்கான அடித்தளம் பெரும்பாலும் மெதுவாக ஓடும்போதுதான் உருவாகிறது. நிதானமான நீண்ட பயிற்சியில் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து ஆற்றல் எடுக்கும் திறன் வளர்கிறது. உலகத் தரத்து ஓட்டக்காரர்கள், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் என்ற உடலியங்கியல் அறிஞர், அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் மிக எளிதான தீவிரத்திலேயே இருப்பதைக் கவனித்தார். மிச்சம்தான் கடுமையான பயிற்சி.

நம் பிள்ளைகள் இதற்கு நேர்மாறு. மெதுவாக ஓடு என்று சொன்னால் முதல் சுற்று மெதுவாக இருக்கும். மூன்றாவது சுற்றில் பக்கத்தில் ஓடுபவன் ஒரு அடி முந்துவான், இவன் இரண்டு அடி முந்துவான், அப்புறம் அது பந்தயம்தான். விளைவு என்ன? எளிதான நாள் எளிதாக இல்லை. மறுநாள் உண்மையிலேயே வேகமாக ஓட வேண்டியபோது காலில் தெம்பு இல்லை. வாரம் முழுவதும் நடுத்தரமான ஒரே வேகத்தில் களைத்துப் போகிறார்கள். ஆசிரியர் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இந்த இடத்தில்தான் கருவி உதவுகிறது. "உன் துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டக் கூடாது" என்று சொல்லிப் பட்டையைக் கட்டி அனுப்பினால், பிள்ளைக்கு அது ஒரு கடிவாளம். வேகத்தைக் கூட்டச் சொல்லும் கருவியாகத்தான் பலர் இதை நினைக்கிறீர்கள். எங்களுக்கு இதன் முதல் பயன், வேகத்தைக் குறைக்க வைப்பது. தன்மானம் இடிக்காமல் மெதுவாக ஓட அதில் ஒரு சாக்கும் கிடைக்கிறது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், பதினான்கு வயதில் தன்மானம் பெரிய விஷயம்.

இரண்டாவது பயன், முன்னேற்றத்தைப் பார்ப்பது. அதே பாதை, அதே வேகம், ஏறக்குறைய அதே வெயில். பருவத் தொடக்கத்தில் துடிப்பு 172 இருந்தது, சில மாதங்கள் கழித்து 161 இருக்கிறது என்றால், உடல் அந்த வேலையை இப்போது குறைந்த சிரமத்தில் செய்கிறது என்று பொருள். ஸ்டாப்வாட்ச் மட்டும் வைத்திருந்தால் இது கண்ணுக்குத் தெரியாது.

அதற்காக இது இல்லாமல் முடியாது என்று ஆகிவிடாது. நியூசிலாந்தின் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் மாணவர்கள் பீட்டர் ஸ்னெல்லும் மர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். அவர்கள் வாரக்கணக்கில் நீண்ட தூரம் ஓடிப் பழகியவர்கள். கையில் கட்டிக்கொண்டு ஓடக்கூடிய இதயத்துடிப்புக் கருவி அப்போது கிடையாது. பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாமல் வேலை செய்யும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1980-களில்தான். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்பதுதான் அதுவரை பலருக்கு அளவுகோல். இன்றும் அது நல்ல அளவுகோல்தான்.

இனி எண்களுக்கு வருகிறேன். நான் கணக்கு ஆசிரியர், இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வாட்சுகள் பிள்ளையின் வயதை வாங்கிக்கொண்டு, 220-இலிருந்து அதைக் கழித்து, "இதுதான் உன் அதிகபட்சத் துடிப்பு" என்று வைத்துக்கொள்கின்றன. அதிலிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பகுதி பிரிக்கின்றன. இந்தச் சூத்திரம் 1970-களின் தொடக்கத்தில், பெரியவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து போடப்பட்ட தோராயமான கோடு. 2001-இல் டனாக்கா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் திருத்திய சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதுவும் பெரியவர்களுக்கானது. வளர்ந்தவர்களிலேயே ஒரே வயதுக்காரர் இருவருக்கு இடையில் இருபது துடிப்பு வித்தியாசம் சாதாரணமாக இருக்கலாம். பிள்ளைகளுக்கோ பத்து வயதிலிருந்து பதினாறு வரை அதிகபட்சத் துடிப்பு பெரிதாக மாறுவதே இல்லை, ஆண்டுக்கு ஒன்று குறையும் என்ற கணக்கு அவர்களிடம் செல்லாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. "70 சதவீதத்தில் ஓடு" என்கிறோம். எதில் 70 சதவீதம்? ஒரு மாணவியின் அதிகபட்சத் துடிப்பு 202, காலையில் எழுந்ததும் ஓய்வுத் துடிப்பு 62 என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சத்தில் 70 சதவீதம் என்றால் 141. பின்லாந்தின் உடலியங்கியல் அறிஞர் கார்வோனென் 1957-இல் காட்டிய வழியில், இரண்டுக்கும் இடையிலுள்ள 140 துடிப்பில் 70 சதவீதத்தை எடுத்து ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 160. ஒரே "70 சதவீதம்", இரண்டு விடை, இடையில் 19 துடிப்பு. ஒன்று பேசிக்கொண்டே ஓடும் வேகம், மற்றது வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்க வைக்கும் வேகம். இணையத்தில் ஒரு திட்டத்தை எடுத்து வாட்சில் ஏற்றுகிறீர்கள் என்றால், அது எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

அதனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சூத்திரம் எதையும் போடவில்லை. அதிகபட்சத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று யாரையும் மயங்கி விழும்வரை ஓடவிடவும் மாட்டோம். ஒவ்வொருவரும் பேசிக்கொண்டு ஓடும் வேகத்தில் துடிப்பு எவ்வளவு இருக்கிறது என்று சில முறை பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். அதுதான் அவரவர் எல்லை. நான் மேலே சொன்ன 150 ஒரு பிள்ளைக்குச் சரியாக இருக்கும், பக்கத்துப் பிள்ளைக்கு 165 சரியாக இருக்கும்.

கருவியின் அளவையும் அப்படியே நம்பிவிட முடியாது. மார்புப் பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையை நேரடியாக எடுக்கிறது, தோல் கொஞ்சம் ஈரமாக இருந்தால் போதும். மணிக்கட்டு வாட்ச் பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, ரத்தம் கூடிக் குறைவதை வைத்து ஊகிக்கிறது. வாட்சின் பட்டை தளர்ந்திருந்தால், கை குளிர்ந்திருந்தால், சைக்கிள் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருந்தால் அது தடுமாறும். ஓடும்போது சில வாட்சுகள் காலடியின் தாளத்தையே துடிப்பு என்று எண்ணிவிடுவதும் உண்டு. நிமிடத்துக்கு 170 அடி வைக்கும் பிள்ளைக்கு 170 என்று காட்டும், அது நம்பும்படியான எண் வேறு! நீச்சலில் இன்னும் சிக்கல்: ரேடியோ சமிக்ஞை தண்ணீருக்குள் சரியாகப் போகாது. நீச்சல் குழுவுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும், மெதுவாக.

வேக ஓட்ட நாளில் ஏன் கழற்றச் சொல்கிறோம் என்று இப்போது புரியும். இதயத்துடிப்பு முயற்சியின் பின்னால் வருகிறது. அரை நிமிட வேக ஓட்டம் முடிந்து நின்ற பிறகுதான் எண் ஏறி வந்து சேரும். அந்த எண்ணை ஓடும்போதே பார்க்க நினைக்கும் பிள்ளை, அளவுக்கு மீறி வேகமாகத் தொடங்கிவிடும். நீண்ட ஓட்டத்திலும் வேறு விதமாக ஏமாற்றும். வெயிலில் வியர்வை போகப் போக உடலில் நீர் குறைகிறது, தோலைக் குளிர்விக்க ரத்தம் அந்தப் பக்கம் திரும்புகிறது, ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் ரத்தம் குறைவதால் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. வேகம் மாறாமலேயே எண் பத்துப் பதினைந்து ஏறிவிடலாம். தூக்கம் போதாத நாள், தேர்வுப் பதற்றம், தொடங்கப் போகும் காய்ச்சல், ஆஸ்துமாவுக்கு எடுக்கும் இன்ஹேலர் எல்லாமே எண்ணை உயர்த்தும்.

ஆகவே மைதானத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முதலில் சொல், பிறகு பார். சிரமம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு, துடிப்பு எவ்வளவு இருக்கும் என்று பிள்ளை முதலில் ஊகிக்க வேண்டும். பிறகுதான் எண்ணைப் பார்க்கலாம். சிரமத்தை எண்ணால் சொல்ல வைக்கும் யோசனை சுவீடனின் உளவியல் அறிஞர் குன்னார் போர்க் தந்தது. இப்படிப் பழகினால் கருவி இல்லாத நாளிலும் உடல் சொல்வது பிள்ளைக்குக் கேட்கும் என்பது உடற்கல்வி ஆசிரியரின் வாதம். நானும் ஒப்புக்கொண்டேன். ஊகமும் எண்ணும் மிகவும் விலகிப் போனால், ஒன்று கருவி தவறு, இல்லை பிள்ளைக்கு அன்று உடம்பு சரியில்லை. இரண்டுமே தெரிந்துகொள்ள வேண்டியவை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் துடிப்பு எண்களைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். "உங்கள் பையனுக்கு 185-ஆ? என் மகளுக்கு 160தான்" என்பது போட்டியும் இல்லை, செய்தியும் இல்லை. சின்ன உடம்பில் இதயம் சின்னது, ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தமும் குறைவு, அதனால் அடிக்கடி துடிக்கும். குறைந்த எண் உள்ளவர் திறமைசாலி என்று அர்த்தமில்லை. ஒரு பிள்ளையின் எண்ணை அதே பிள்ளையின் பழைய எண்ணோடு மட்டுமே ஒப்பிடலாம். ஓட்டப் பாதையை வரைபடமாகப் போடும் செயலிகளில் கணக்கைப் பிறர் பார்க்க முடியாதபடி வையுங்கள். ஸ்ட்ராவா என்ற அப்படிப்பட்ட செயலி 2017-இல் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் பாதைகளே வெளியே தெரிந்துவிட்டன. நம் வீட்டு வாசல் தெரிவதற்கு எவ்வளவு நேரமாகும்?

ஏற்கெனவே வாட்ச் வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு ஓட வேண்டாம். வயதை வைத்து அது தானாகப் போட்ட பகுதிகளை மட்டும் அணைத்துவிடுங்கள். பிள்ளையின் எல்லை எது என்று உடற்கல்வி ஆசிரியர் சொல்லுவார், அதை நிரப்பிக்கொள்ளலாம். இனி வாங்குவதா என்று கேட்டால், ஓடும் காலணி சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன்.

இனி எல்லோருக்குமானது. எந்த வாட்சும் மருத்துவர் ஆகாது. ஓடும்போது நெஞ்சு வலி, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கம், காரணமில்லாமல் படபடவென்று துடித்து அடங்க மறுப்பது, இவற்றில் ஒன்று ஒருமுறை வந்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள், வாட்ச் என்ன காட்டினாலும் சரி. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இதயக் கோளாறால் இறந்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். வைரஸ் தொற்று சில சமயம் இதயத் தசையையும் தாக்கும், அந்த நேரத்தில் கடும் பயிற்சி ஆபத்து. போட்டி நெருங்குகிறது என்பது இதற்கு விதிவிலக்கு ஆகாது.

இத்துடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறோம். இன்ஹேலர், இதயம் அல்லது ரத்த அழுத்தத்துக்கான மருந்து ஏதாவது பிள்ளை எடுத்தால் அதில் எழுதுங்கள், சில மருந்துகள் துடிப்பை ஏற்றும், சில இறக்கும். மார்புப் பட்டை கட்ட உங்களுக்குச் சம்மதமா இல்லையா என்பதற்கும் அதில் இடம் உண்டு. சம்மதமில்லை என்று எழுதினாலும் பிள்ளை குழுவில் தொடரலாம். பெண் பிள்ளைகளுக்குப் பட்டை கட்ட ஆசிரியைதான் உதவுவார். நிரப்பிய படிவத்தை இந்த வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்